பழைய மியாட்டாவில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது 1990 முதல் 1997 வரையிலான மாடல், முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டாவைப் பற்றி. சுவிட்சைத் தட்டினால் பானட்டிலிருந்து விளக்குகள் எழுந்து நிற்குமே, துணிக் கூரையை மடக்கித் திறக்கும் அந்தச் சின்ன இரண்டு சீட்டர்தான். பாதை யூஎஸ் 50. மேரிலாந்தின் கடலோர ஊரான ஓஷன் சிட்டியில் தொடங்கி, கலிஃபோர்னியாவில் மேற்கு சாக்ரமெண்டோவில் முடிகிற பழைய நெடுஞ்சாலை. சாக்ரமெண்டோ பக்கத்துப் பலகை, ஓஷன் சிட்டி 3,073 மைல் என்கிறது. உங்களிடம் இருப்பது வேறு பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றாலும், வேறு பாதையில் போவதாக இருந்தாலும், பாதிக்கு மேல் பொருந்தும்.

முப்பது வருஷம் பழைய காரில் மூவாயிரம் மைலா? நடுவழியில் நின்றுவிடாதா?

நிற்கலாம். ஆனால் பலர் பயப்படும் காரணத்தால் நிற்காது. "இன்ஜின் இரண்டு லட்சம் மைல் ஓடிவிட்டதே" என்பதுதான் பொதுவான கவலை. இந்த இன்ஜின்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. காரை நிறுத்துவது ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான்: ஹோஸ், பெல்ட், சீல், டயர், ரேடியேட்டரின் மேல் தொட்டி. இவையெல்லாம் மைலைக் கணக்கு வைத்து வயதாவதில்லை, வருஷத்தைக் கணக்கு வைத்து வயதாகின்றன. அதனால் 40,000 மைல் மட்டுமே ஓடி, கராஜில் போர்வை போர்த்தித் தூங்கிய கார், தினமும் ஆபீஸ் போய்வந்த 1,80,000 மைல் காரைவிட நீண்ட பயணத்துக்கு ஆபத்தானது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார்கள்.

ஏன் மியாட்டா? வேறு நல்ல பழைய கார்களே இல்லையா?

இருக்கின்றன. ஆனால் தூரப் பயணத்துக்கு என்று பார்த்தால் இதற்கு ஈடு குறைவு. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமாகி, 13,800 டாலர் அடிப்படை விலையில் வந்த கார் இது. பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களின் ஜாலியை அப்படியே எடுத்துக்கொண்டு, அவற்றின் ஆயில் ஒழுகலையும் மின்சாரத் தொல்லைகளையும் மட்டும் கழற்றிவைத்துவிட்டார்கள் ஜப்பானியர்கள். அந்த பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களில் ஒன்றான எம்ஜிபி அழகான வண்டி. ஆனால் கார்புரேட்டரைச் சரிசெய்யத் தெரிந்த ஆளை கான்சஸில் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். போர்ஷா 944 நெடுஞ்சாலையில் ராஜா மாதிரி போகும், ஆனால் அதில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். மாஸ்டாவின் சொந்த ஆர்எக்ஸ்-7 ரோட்டரி இன்ஜின் ஆயிலைக் குடித்தபடியே ஓடும். அது கோளாறல்ல, வடிவமைப்பே அப்படி.

மியாட்டாவில் எரிபொருள் இன்ஜெக்‌ஷன், சாதாரண நான்கு சிலிண்டர். பெல்ட் அறுந்தாலும் வால்வுகள் பிழைத்துக்கொள்ளும். முதல் தலைமுறையில் மட்டுமே நான்கு லட்சத்துக்கு மேல் தயாரித்தார்கள் என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை.

கிளம்பும் முன் என்னவெல்லாம் மாற்ற வேண்டும்?

முன்னால் யாரிடம் இருந்தது, எப்போது மாற்றினார்கள் என்று ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குளிர்விக்கும் அமைப்பு. பானட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல்பக்கப் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். புதிதில் கறுப்பாக இருந்தது பழுப்பேறிப் போயிருந்தால் அதன் காலம் முடிந்தது. எந்த வெயிலில் எந்த மேட்டில் பிளக்கும் என்பது மட்டுமே பாக்கி. ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், மூடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். இன்ஜினுக்குப் பின்பக்கம், தீச்சுவரை (இன்ஜினையும் உள்ளறையையும் பிரிக்கும் தகடு) ஒட்டி இருக்கும் ஹீட்டர் ஹோஸ்களை மெக்கானிக்குகள்கூட அடிக்கடி விட்டுவிடுவார்கள், கை போகாத இடம் என்பதால். அங்கேதான் இன்னொரு வில்லனும் இருக்கிறான்: சிலிண்டர் ஹெட்டின் பின்னால் இருக்கும் கிராங்க் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங். சில்லறைக் காசு ரப்பர் வளையம். அது கெட்டியாகிப் போனால் ஆயில் சொட்டுச் சொட்டாக அதே ஹோஸ்கள் மேல் விழுந்து அவற்றை ஊறவைத்துக் கெடுக்கும். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது மாஸ்டா. பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல்கள் இவற்றையும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். கூலியில் பெரும்பகுதி அங்கே போய்ச் சேர்வதற்குத்தான். 1990, 91 ஆரம்பக் கார் என்றால் அப்போதே கிராங்க் ஷாஃப்டின் முன் முனையையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கார்களில் சிலவற்றுக்கு அந்த முனை குட்டையாக இருக்கும். போல்ட் சரியாக முறுக்கப்படாவிட்டால் புல்லியை ஷாஃப்டோடு பிணைக்கும் பள்ளம் (கீவே) தேய்ந்து புல்லி ஆட ஆரம்பிக்கும். வேலை தெரிந்தவர் புல்லியில் இருக்கும் பிளவுகளை எண்ணியே அடையாளம் சொல்லிவிடுவார்: நான்கு என்றால் குட்டை, எட்டு என்றால் கவலையில்லை.

அப்புறம் பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட மலை இறக்கத்தில் கொதித்தால் பெடல் தரைக்குப் போய்விடும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றுங்கள். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரையும் (பெடல் மிதிப்பதை ஆயில் அழுத்தத்தில் கிளட்சுக்குக் கடத்தும் பாகம்) கேள்வி கேட்காமல் மாற்றிவிடலாம். மியாட்டாவில் அது தேய்பொருள் மாதிரிதான், விலையும் குறைவு.

ஸ்பார்க் பிளக் வயர்கள், கியர் பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் எல்லாம் வழக்கமானவை. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வேலைகளை எப்போது முடிப்பது? கிளம்புவதற்கு முந்தைய வாரம் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பழைய கார்கள் வழியில் நிற்பதற்கு ஒரு பெரிய காரணம், சமீபத்தில் நடந்த ரிப்பேர். சரியாக முறுக்காத கிளாம்ப், பாதி செருகிய கனெக்டர், காற்று வெளியேற்றாமல் நிரப்பிய கூலண்ட், பெட்டியிலிருந்து வந்தபோதே கெட்டிருந்த புது பாகம் என்று பட்டியல் நீளம். இவை முதல் சில நூறு மைலுக்குள் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சில நூறு மைல் உங்கள் வீட்டைச் சுற்றி இருக்க வேண்டும். யூட்டா பாலைவனத்தில் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே முடித்துவிட்டு, ஒரு ஐந்நூறு மைலாவது ஓட்டுங்கள். அதில் ஒருநாள் முழு லக்கேஜோடு, ஒருநாள் மழையில், ஒருநாள் உச்சிவெயில் டிராஃபிக்கில். கடைசி வாரத்தில் ஸ்பேனரையே தொடாதீர்கள்.

டயர் பள்ளம் நன்றாக இருக்கிறது. பழையதாக இருந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2317 என்றால் 2017-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டியிருந்தால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். ஸ்டெப்னியைப் பார்த்தால் பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கும்: காரோடு பிறந்த ஒல்லிச் சக்கரம் இன்னும் அப்படியே கிடக்கும். அதில் 50 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. பஞ்சரான பெரிய சக்கரத்தை அதன் இடத்தில் வைக்கவும் முடியாது. டிக்கி சாமான் சீட்டுக்கு வரும். பிளக் செருகும் பஞ்சர் கிட்டும் சிகரெட் லைட்டரில் ஓடும் சின்னப் பம்ப்பும் எடுத்துக்கொண்டால், ஆணி குத்திய பஞ்சர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டெப்னியே தேவைப்படாது.

காற்று 26 பிஎஸ்ஐ. மற்ற கார்களுக்கு வைக்கிற 33, 35 வைத்தால் இந்த எடைக்குத் துள்ளும்.

டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. கவலை இல்லைதானே?

அந்த முள்ளை முழுசாக நம்பாதீர்கள். கொஞ்சம் சூடு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். அது நகர ஆரம்பிக்கும்போது விஷயம் ஏற்கெனவே முற்றியிருக்கும். ஆயில் பிரஷர் முள்ளும் 1994 வரைதான் உண்மையானது. 1995 முதல் அது வெறும் சுவிட்ச். பிரஷர் இருந்தால் நடுவில், இல்லாவிட்டால் கீழே. 1996, 97 கார்களில் காரின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி-2 சாக்கெட் இருப்பதால் சின்ன ரீடரைச் செருகி உண்மையான வெப்பநிலையைப் போனில் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றில் தனி கேஜ் பொருத்துவது நல்ல முதலீடு.

மேட்டில் சூடேறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுசாகப் போட்டு, டாப்பைத் திறந்துவிடுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். கால் வேகும். ஆனால் இன்ஜின் பிழைக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக்டக் என்று தட்டுகிறதே?

ஹைட்ராலிக் லிஃப்டர், ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம். ஆயில் ஏறியதும் அடங்கும். இந்தக் காரின் கூடப்பிறந்த சத்தம் அது. சூடான பிறகும் அடங்காமல் தட்டினால் ஆயில் அளவைப் பாருங்கள்.

ஏன் யூஎஸ் 50? ஐ-80 விரைவுச்சாலையைப் பிடித்தால் நாலு நாளில் போய்விடலாமே?

போகலாம். ஐந்தாவது கியரில் 70 மைல் வேகத்தில் இந்த இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,700 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் பதினெட்டு சக்கர லாரிகள், அவற்றின் சக்கர உயரத்துக்குத்தான் உங்கள் தலை. அதை நாலு நாள் தாங்குவதற்கு விமானத்தில் போய்விடலாம். மியாட்டா 45 முதல் 60 மைல் வேகத்துக்கான கார். யூஎஸ் 50-ன் பெரும்பகுதி அந்த வேகத்தில்தான் இருக்கிறது.

கிழக்கே செசபீக் வளைகுடாவின் பாலத்தைத் தாண்டி, வாஷிங்டன் நெரிசலை எப்படியாவது சகித்துக்கொண்டு விடுங்கள். வர்ஜீனியாவில் வின்செஸ்டரைக் கடந்ததும் உண்மையான பயணம் தொடங்குகிறது. அங்கிருந்து மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் வரை, ரோம்னி, கிராஃப்டன் வழியாக, அலகேனி மலைகளில் ஏறி இறங்கி வளைந்துகொண்டே போகும் பாதை. இரண்டாவது, மூன்றாவது கியரில் விளையாடுவதற்கு இதைவிட நல்ல இடம் கிழக்கே அதிகம் இல்லை. ஆனால் பலரும் இதை வரைபடத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய் இதமான மேடுபள்ளம். மிசூரியில் செயிண்ட் லூயிஸ், ஜெஃபர்சன் சிட்டி, கான்சஸ் சிட்டி. பிறகு கான்சஸ், நேர்கோடு. எம்போரியா, டாட்ஜ் சிட்டி, கார்டன் சிட்டி என்று தானியக் கிடங்குகள் தொலைவில் தெரிந்து மெதுவாக நெருங்கும். சலிப்பு என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கூரை இல்லாத காரில் அவ்வளவு பெரிய வானத்தின் கீழே போவது தனி அனுபவம். மே, ஜூனில் மட்டும் ஆலங்கட்டி மழைக்குப் பயப்படுங்கள். துணிக் கூரைக்கும் ஆலங்கட்டிக்கும் ஒத்துவராது.

கொலராடோவில் கேன்யன் சிட்டியிலிருந்து சலைடா வரை ஆர்கன்சா ஆறு கூடவே வரும். ஆறு வளைகிற இடமெல்லாம் சாலையும் வளையும். அதற்குப் பிறகு 11,312 அடி உயர மொனார்க் கணவாய். இறங்கினால் கன்னிசன், மாண்ட்ரோஸ், கிராண்ட் ஜங்ஷன். யூட்டாவில் கொஞ்ச தூரம் யூஎஸ் 50 வேறு வழியில்லாமல் ஐ-70 உடன் சேர்ந்துகொள்கிறது. அதில் கிரீன் ரிவர் முதல் சலைனா வரை சுமார் 110 மைலுக்குப் பெட்ரோல் பங்கோ கடையோ எதுவும் கிடையாது. பாறைகள்தான். ஆனால் என்ன பாறைகள்!

நெவாடா பகுதிக்கு 1986-இல் லைஃப் பத்திரிகை "அமெரிக்காவிலேயே தனிமையான சாலை" என்று பெயர் வைத்தது. திட்டுவதற்காக எழுதியது, போகாதீர்கள் என்ற தொனி. நெவாடாக்காரர்கள் அதையே விளம்பரப் பலகையாக்கி, ஊர் ஊராக முத்திரை குத்திக்கொள்ள ஒரு கையேடும் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஈலி, யுரீகா, ஆஸ்டின், ஃபாலன் நான்கும்தான் சொல்லிக்கொள்ளும்படியான ஊர்கள். ஒரு மலைத்தொடர் ஏறி, இறங்கி, தட்டையான பள்ளத்தாக்கைக் கடந்து, அடுத்த மலைத்தொடர். இப்படியே திரும்பத் திரும்ப. கடைசியில் கார்சன் சிட்டி, டாஹோ ஏரி, 7,382 அடி எக்கோ கணவாய், பைன் மரங்களுக்கு நடுவே சாக்ரமெண்டோவுக்கு இறக்கம்.

பெட்ரோல் தீர்ந்துவிடுமா?

1993 வரையிலான கார்களில் டாங்க் 11.9 காலன், அதன் பிறகு 12.7. நிதானமாக ஓட்டினால் காலனுக்கு 27, 28 மைல் கிடைக்கும். கணக்குப்படி 300 மைலுக்கு மேல் ஓடும். ஆனால் யூட்டாவின் டெல்டாவிலிருந்து நெவாடாவின் ஈலிக்குச் சுமார் 150 மைல், நடுவில் மாநில எல்லையை ஒட்டித்தான் ஒரு பங்கு. ஆஸ்டினிலிருந்து ஃபாலனுக்கு 110 மைல். எதிர்காற்று அடித்தால் மைலேஜ் சட்டென்று குறையும். யூட்டா, நெவாடாவில் அரை டாங்க் என்றால் காலி டாங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வந்தால் நிரப்புங்கள், அவ்வளவுதான்.

கொலராடோ, யூட்டா பங்குகளில் "ரெகுலர்" என்று எழுதியிருப்பது பல இடங்களில் 85 ஆக்டேன். இந்த இன்ஜின் கேட்பது 87. பழக்கதோஷத்தில் முதல் பட்டனை அழுத்தாமல் எண்ணைப் படித்து அழுத்துங்கள்.

இந்தச் சின்ன இன்ஜின் மொனார்க் கணவாய் ஏறுமா?

ஏறும், மெதுவாக. ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும் என்பது டர்போ இல்லாத இன்ஜின்களுக்கான பொதுக் கணக்கு. 1.6 லிட்டர் இன்ஜினின் 116 குதிரைத் திறன் உச்சியில் 80-க்கும் கீழே வந்துவிடும். மூன்றாவது கியரில், 4,500 சுற்றுக்கு மேல் வைத்து ஏறுங்கள். கத்துகிறதே என்று பாவம் பார்த்து நாலாவதுக்கு மாற்றினால்தான் அதற்குக் கஷ்டம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டலாம்?

300 மைல். சாதாரண செடானில் 600 போகிற ஆட்கள்கூட இதில் 300-க்கே களைத்துவிடுவார்கள். சத்தம், காற்று, வெயில், கடினமான சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்து ஆளை உறிஞ்சும். மேற்கே இருட்டுவதற்குள் அறை பிடித்துவிடுங்கள். அந்தி சாயும் நேரம் மான்கள் சாலைக்கு வரும் நேரம். நெவாடாவில் பல இடங்களில் மாடுகள் வேலியில்லாமல் மேயும். அங்கே மாட்டில் மோதினால் உங்கள் காரும் போகும், மாட்டுக்குச் சொந்தக்காரர் உங்களிடமே நஷ்டஈடும் கேட்கலாம்.

முழுக்க டாப்பைத் திறந்தே போகலாமா?

ஆசைப்படலாம். நடைமுறையில் காலை பத்து மணி வரையும், சாயங்காலம் நாலுக்குப் பிறகும்தான் சுகம். நடுப்பகலில் கொலராடோ உயரத்தில் வெயில் நம் நிறத்தையும் சுட்டுவிடும். "நமக்கெல்லாம் சன்ஸ்கிரீன் எதற்கு" என்கிற வீராப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காதுக்கும் பாதுகாப்பு தேவைதான். ஆனால் கலிஃபோர்னியாவில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓட்டுவதற்குப் பொதுவாகச் சட்டத்தடை உண்டு. வேகமாகப் போகும் நேரத்தில் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டாலே இரைச்சல் பெரிதும் குறையும்.

பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைக் கழற்றாமல் டாப்பை மடக்காதீர்கள், மடிப்பு விழுந்து வெடிக்கும். குளிரான விடியலில் அந்தப் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், அப்போது தொடவே வேண்டாம். சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் மழைநீர் வடிகால் துளைகள் இருக்கின்றன. இலைதழை அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளே வரும், கதவுக்குக் கீழே ஓடும் சைடு சில்லுக்குள் தேங்கித் துருவும் பிடிக்கும்.

டிக்கியில் என்ன கொள்ளும்?

இரண்டு மென்மையான பைகள். சக்கரம் வைத்த பெட்டியை மறந்துவிடுங்கள். பாட்டரியும் டிக்கியின் வலது மூலையில்தான் இருக்கிறது. அது வாயுவை வெளியே விடும் குழாய் கொண்ட சீல் வைத்த வகையாக இருக்க வேண்டும். யாராவது சாதாரண ஆசிட் பாட்டரி வைத்திருந்தால் ஆவி உங்கள் துணியையும் தகரத்தையும் சேர்த்துத் தின்னும். கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் எடை எல்லையையும் படியுங்கள். இருவரும் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் பைகளுக்கென்று மிச்சம் அதிகம் இருக்காது.

சாப்பாடு?

சைவம் என்றால் கான்சஸ் முதல் நெவாடா வரை தலைவேதனைதான். முதல் நாளுக்குப் புளியோதரை, அதன்பின் தெப்லா, பொடி தடவிய சப்பாத்தி, உடனடி உப்புமா பொட்டலம், விடுதி அறையில் வெந்நீர். ஐ-40, ஐ-80 ஓரம் பஞ்சாபி லாரி ஓட்டுநர்களுக்காக நடக்கும் தாபாக்கள் உண்டு. யூஎஸ் 50-ல் அந்தப் பாக்கியத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஏசி வேலை செய்யவில்லை. சரிசெய்வதா, விடுவதா?

1993 வரையிலான கார்களில் பழைய ஆர்-12 வாயு. அதன் உற்பத்தி அமெரிக்காவில் 1995 முடிவோடு நின்றுவிட்டதால் மாற்றுவாயுவுக்கு ஏற்றபடி அமைப்பையே மாற்ற வேண்டும். 1994 முதல் ஆர்-134ஏ, அதைச் சரிசெய்வது எளிது. செப்டம்பரில் போவதாக இருந்தால் விட்டுவிடலாம். ஜூலை, ஆகஸ்ட் என்றால் பணத்தைச் செலவழியுங்கள், அல்லது செப்டம்பருக்குத் தள்ளிப்போடுங்கள். நான் தள்ளிப்போடத்தான் சொல்வேன்.

வழியில் கோளாறு வந்தால்?

கிளட்ச் பெடல் தளர்ந்து, முதல் கியர் விழ மறுத்தால் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுகிறது. பெடலை நாலைந்து முறை வேகமாகப் பம்ப் செய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், இன்ஜினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, பெடலை மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி நகர்ந்துகொண்டே கிளம்பும். பிறகு சுற்றுவேகத்தைப் பொருத்தி கியர் மாற்றி அடுத்த ஊர் வரை போய்விடலாம். ஊருக்குள் சிக்னலில்தான் சிரமம். முகவிளக்கு மேலெழவில்லை என்றால், பானட்டுக்குள் அதன் மோட்டாரின் மேல் ரப்பர் மூடியின் கீழே ஒரு திருகு இருக்கிறது. கையால் சுற்றி மேலே நிறுத்திவிடுங்கள்.

கையோடு இருக்க வேண்டியவை: ஹோஸ், கிளாம்ப், ஃபியூஸ், கூலண்ட், ஆயில், 10, 12, 14 அளவு சாக்கெட்டுகள். பெரிய கருவி தேவைப்பட்டால் ஆட்டோசோன் போன்ற கடைகளில் டெபாசிட் வாங்கிக்கொண்டு இரவல் தருவார்கள். டோயிங்குக்கு ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் பிளஸ் உறுப்பினர் திட்டம் எடுங்கள். பொதுவாக 100 மைல் வரை இழுத்துப் போவார்கள், சாதாரணத் திட்டத்தின் சில மைல் நெவாடாவில் எதற்கும் உதவாது. போன் சிக்னல் இல்லாத நீளமான பகுதிகள் உண்டு. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறைய வையுங்கள், வண்டி நின்றால் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். யாராவது வருவார்கள். நெவாடாவில் நிற்கிற காரைப் பார்த்தால் பெரும்பாலோர் வேகத்தைக் குறைத்து விசாரித்துவிட்டுத்தான் போவார்கள்.

இன்ஷூரன்ஸில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வழக்கமான பாலிசி விபத்தில் கார் ஒழிந்துபோனால் சந்தை விலையைத்தான் தரும், அதைக் கணக்கிடுவது அவர்கள். பழைய கார்களுக்கான தனி பாலிசிகளில் முன்பே ஒப்புக்கொண்ட தொகை கிடைக்கும். ஆனால் அவற்றில் சிலவற்றில் வருஷத்துக்கு இத்தனை மைல், இன்ன உபயோகம் மட்டும் என்று நிபந்தனை இருக்கும். போன் போட்டு, "நாட்டைக் குறுக்கே கடக்கப் போகிறேன்" என்று சொல்லி, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பா? குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

சுமார் ஒரு டன் எடைதான் இந்தக் கார். 1994 வரும்வரை பயணிக்கு ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் பல கார்களில் இல்லை. கவிழ்ந்தால் முன் கண்ணாடிச் சட்டம் மட்டுமே தலைக்குமேல். தரமான ரோல் பார் போடுங்கள், பகலிலும் விளக்கு எரியட்டும், லாரிகளின் பக்கவாட்டில் தங்காதீர்கள். குழந்தை வேண்டாம். பின் சீட்டே இல்லாத கார். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். ஒரு பகுதி மட்டுமாவது...?

இருப்பது இரண்டு சீட், அதில் ஒன்று உங்களுடையது. மிச்ச ஒன்றுக்கு அப்பாவா அம்மாவா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும், அந்த வம்பு எதற்கு? தவிர, முட்டிவலி உள்ளவர்கள் இதில் உட்கார்ந்துவிடுவார்கள், எழுந்திருப்பதுதான் பிரச்சினை. பக்கத்துப் பூங்காவுக்கு ஒரு சாயங்காலம் அழைத்துப் போங்கள், போதும்.

கலிஃபோர்னியாவில் துருப்பிடிக்காத கார் வாங்கி, அப்படியே கிழக்கே ஓட்டி வரலாமா?

எல்லோருக்கும் இந்தக் கனவு வரும். நியாயமும் உண்டு: கிழக்கே சாலையில் தூவும் உப்பு, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கீழ்ப்பகுதித் தகட்டைத் தின்றுவிடுகிறது, மேற்கே அது இல்லை. ஆனால் துருவை மிச்சம் பிடித்த அதே வெயில்தான் ரப்பரைக் காய்ச்சியிருக்கும். மேலே சொன்ன ஐந்நூறு மைல் சோதனையை அறிமுகமில்லாத காரில், அறிமுகமில்லாத ஊரில் செய்ய முடியுமா? ஒரு வாரம் அங்கேயே தங்கி, தனி மெக்கானிக்கிடம் காட்டி, ஹோஸ், பெல்ட், டயர் மாற்றி, சுற்றுவட்டாரத்தில் ஓட்டிப் பார்க்க நேரம் இருந்தால் சரி. வெள்ளிக்கிழமை இறங்கி சனிக்கிழமை கிளம்புவதாக இருந்தால், காரை டிரெய்லரில் அனுப்பிவிட்டு நீங்கள் விமானம் ஏறுங்கள்.

சாக்ரமெண்டோ போய்ச் சேர்ந்த பிறகு திரும்புவது எப்படி?

லீவு இருந்தால் ஓட்டியே திரும்பலாம், ஆனால் அதே பாதையில் வேண்டாம். தெற்கே இறங்கி அரிசோனா, நியூ மெக்சிகோ வழியாக வந்து, வட கரோலினாவில் புளூ ரிட்ஜ் பார்க்வேயைப் பிடியுங்கள். 469 மைல், பெரும்பாலும் 45 மைல் வேக எல்லை, லாரிகளுக்கு அனுமதி கிடையாது, பார்க்வேயிலேயே பெட்ரோல் பங்கும் கிடையாது. வானிலை, வெள்ளச் சேதம் காரணமாக அவ்வப்போது பகுதிகளை மூடுவார்கள். தேசியப் பூங்காத் துறையின் அன்றன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். லீவு இல்லையென்றால் டிரெய்லரில் அனுப்புவதுதான் வழி. திறந்த டிரெய்லரே போதும். ஏற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, டாப்பைப் பூட்டி, பாட்டரி இணைப்பைக் கழற்றிவைத்துவிட்டு ஒப்படையுங்கள்.